பாப் லாடூசர்: வெற்றிக் கணக்கை ஒதுக்கிவிட்டு ஒரு பயிற்சியாளரை எடைபோடுவது

அமெரிக்காவில் பள்ளிக் கால்பந்தின் தலைசிறந்த பயிற்சியாளர் யார் என்ற வாக்குவாதம் எந்த ஊரில் தொடங்கினாலும், கலிஃபோர்னியாவின் கான்கார்டு நகரிலுள்ள டி லா சால் உயர்நிலைப் பள்ளியைத் தொடாமல் முடிவதில்லை. 1992-இல் தொடங்கி 2004 வரை அந்தப் பள்ளியின் அணி இடையில் ஒரு தோல்வியும் இல்லாமல் 151 ஆட்டங்களில் வென்றது. அதற்கு முந்தைய சாதனை மிச்சிகன் மாநிலத்தின் ஹட்சன் பள்ளி 1970-களில் எட்டிய 72 வெற்றிகள்; 1997-இல் அதைத் தாண்டிய பின்னும் டி லா சால் நிற்கவில்லை, பழைய எண்ணிக்கையை இரு மடங்குக்கும் மேலாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. 1979 முதல் 2012 வரை 34 பருவங்கள் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பாப் லாடூசரின் மொத்தக் கணக்கு 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமன்.

இங்கே கால்பந்து என்பது கையில் ஏந்தி ஓடி, எறிந்து, மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. லாடூசர் பெரிய பயிற்சியாளர்தான் என்ற முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படும் 151 என்ற எண், கிடைக்கும் சான்றுகளிலேயே பலவீனமானது என்பதையும், வலுவான சான்றுகள் பலரும் பார்க்காத இடங்களில் கிடக்கின்றன என்பதையும் காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

முதலில் அளவுகோலைத் தீர்மானிக்க வேண்டும். தொழில்முறை அணியின் பயிற்சியாளரைக் கோப்பையைக் கொண்டும், கல்லூரிப் பயிற்சியாளரை வெற்றி விகிதத்தைக் கொண்டும் எடைபோடுவதில் பெரிய தவறில்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படுவதே அதற்காகத்தான். பள்ளிப் பயிற்சியாளரின் நிலை வேறு. டெக்சாஸ் போன்ற சில இடங்களை விட்டுவிட்டால், அவர் பெரும்பாலும் பகலில் வகுப்பெடுக்கும் ஆசிரியர். பயிற்சிக்கென்று கூடுதலாக ஒரு சிறு தொகை பெறுபவர். அவரிடம் வரும் மாணவர்களின் கதையும் வேறு. ஆண்டுதோறும் பத்து லட்சம் மாணவர்கள் பள்ளிக் கால்பந்து ஆடுகிறார்கள். அவர்களில் ஏதாவது ஒரு நிலையிலான கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே கணக்கிட்டிருக்கிறது. மீதமுள்ளவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆடும் கடைசி ஆட்டமே வாழ்க்கையின் கடைசி ஆட்டம். ஆகவே பள்ளிப் பயிற்சியாளர் ஒருவரை மதிப்பிடும்போது, அந்தத் தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு அவர் என்ன செய்தார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். புகழ்பெற்ற பயிற்சியாளர்களைப் பற்றிய கட்டுரைகள் அவர் தொழில்முறை லீகுக்கு எத்தனை பேரை அனுப்பினார் என்பதில் தொடங்குவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

1979: புகழுக்கு முந்தைய ஆண்டுகள்

டி லா சால் 1965-இல் கிறிஸ்தவ சகோதரர்கள் சபை தொடங்கிய கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரம். லாடூசர் அங்கே பொறுப்பேற்றபோது அவருக்கு ஏறத்தாழ 25 வயதுதான். அதற்கு முன் சிறார் காவல் இல்லத்தில் வேலை பார்த்தவர். பள்ளியில் சமயக் கல்வி ஆசிரியராகவும் சேர்ந்தார். அவர் வருவதற்கு முன் அந்தப் பள்ளி அணி ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றி பெற்றதில்லை. அவரது முதல் பருவத்திலேயே அந்த நிலை மாறியது. 1982-இல் ஒரு தோல்வியும் இல்லாத முதல் பருவம் வாய்த்தது.

இந்த மூன்று நான்கு ஆண்டுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். டி லா சால் கட்டணப் பள்ளி. பொதுப் பள்ளிகளைப் போல அதற்கு எல்லைக்கோடு கிடையாது. மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் மாணவர்கள் சேரலாம். எதிரணியினர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் குறை இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதே கட்டணமும், அதே எல்லையற்ற சேர்க்கையும், அதே மைதானமும் 1979-க்கு முன்பும் இருந்தன. வெற்றி மட்டும் இல்லை. புகழ் என்ற காந்தம் உருவாகாத அந்தக் காலத்தில் நடந்த மாற்றத்துக்குப் பயிற்சியாளரைத் தவிர வேறு காரணம் காட்டுவது கடினம். 1990-களைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது, ஏனெனில் அதற்குள் வெற்றியே நல்ல ஆட்டக்காரர்களை அந்தப் பள்ளியை நோக்கி இழுக்கத் தொடங்கியிருந்தது. பிற்காலத்தில் தொழில்முறை லீகில் பெயர் எடுத்த மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ வேறு நகரமான ஆன்டியாக்கில் வளர்ந்தவர்; பள்ளி எல்லைகளைக் கறாராகக் கடைப்பிடித்திருந்தால் அவர் கான்கார்டில் ஆடியிருக்கவே மாட்டார்.

முதல் அடியின் கணக்கு

லாடூசரின் ஆட்டமுறையில் இரகசியம் எதுவும் கிடையாது. ஏறக்குறைய முழுக் காலமும் அவர் பயன்படுத்தியது 'வியர்' என்ற பழைய ஓட்ட முறை. கல்லூரிகளும் தொழில்முறை அணிகளும் பந்தை எறியும் ஆட்டத்துக்கு மாறிய பின்னும் அவர் அதை விடவில்லை.

அந்த முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் அவர் என்ன கற்பித்தார் என்பது அதற்குள்தான் இருக்கிறது. பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் இரண்டு ஓட்டக்காரர்கள் பக்கத்துக்கு ஒருவராக நிற்பார்கள். பந்து கைமாறிய கணத்தில் முன்வரிசை வீரர்கள் எல்லா எதிராளிகளையும் தடுப்பதில்லை. தடுப்பு வரிசையின் ஓரத்தில் ஒருவனை வேண்டுமென்றே தொடாமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை முதல் ஓட்டக்காரனின் வயிற்றில் வைத்தபடியே அந்த எதிராளியைப் பார்ப்பான். எதிராளி உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவான். பாயாமல் நின்றால் பந்தை அந்த ஓட்டக்காரனிடமே விட்டுவிடுவான். வெளியே ஓடினால் அடுத்த எதிராளியிடம் அதே கேள்வி மறுபடியும் வரும்: தானே ஓடுவதா, பின்னால் வரும் இரண்டாவது ஓட்டக்காரனுக்கு வீசுவதா. இவையெல்லாம் ஓரிரு வினாடிகளுக்குள் முடிந்துவிடும்.

இதன் பயன் என்னவென்றால், தடுக்கப்படாத எதிராளி எவ்வளவு பெரிய உருவமாக இருந்தாலும் அவனைத் தள்ள வேண்டிய அவசியம் இல்லை. அவன் எடுக்கும் முடிவையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிடலாம். அதனால் சராசரி உடல்வாகு கொண்ட பையன்களை வைத்து இந்த ஆட்டத்தை ஆட முடியும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு: முன்வரிசையில் உள்ள ஐவரும் ஒரே நொடியில், தாழ்ந்த நிலையில், சரியான காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும். ஒருவனின் முதல் அடி அரை சாண் தவறினால் மொத்தமும் குலைந்துவிடும். டி லா சாலின் ஆட்டப் பதிவுகளைப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது நட்சத்திர ஓட்டக்காரர்களை அல்ல, அந்த முன்வரிசை ஒரே உடலைப் போல எழும் வேகத்தைத்தான்.

2001 அக்டோபரில் நாட்டின் முதல் இரண்டு இடங்களில் இருந்த டி லா சாலும் லாங் பீச் பாலி பள்ளியும் மோதின. பாலி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட பொதுப் பள்ளி. பின்னாளில் தொழில்முறை லீகுக்குப் போன மார்சிடிஸ் லூயிஸ் போன்றவர்கள் அந்த அணியில் இருந்தார்கள். எதிர் வரிசையின் உருவத்தைப் பார்த்த பலரும் டி லா சாலின் தொடர் வெற்றி அன்றோடு முடியும் என்று எதிர்பார்த்தார்கள். 29–15 என்று டி லா சால் வென்றது. ஜோன்ஸ்-ட்ரூ அன்று நான்கு டச்டவுன்கள் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பெறும் புள்ளிகள்) எடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒழுங்கு வென்றதா, திறமை வென்றதா என்ற கேள்விக்கு அந்த ஆட்டம் ஒரு பக்கம் மட்டும் சாட்சி சொல்வதில்லை.

வியாழக்கிழமை இரவின் அட்டை

எதிரிகள் பார்த்துப் பழகிய ஆட்டமுறையைவிட, அவர்கள் பார்க்காத ஒரு சிறு வழக்கம் இந்த ஆய்வுக்கு முக்கியமானது. ஆட்டத்துக்கு முந்தைய இரவு அணி முழுவதும் ஒரு மாணவரின் வீட்டில் கூடிச் சாப்பிடும். அங்கே ஒவ்வொரு வீரன் கையிலும் ஓர் அட்டை இருக்கும். அந்த வாரத்தில் உடற்பயிற்சியில், பயிற்சி நேரத்தில், ஆட்டத்தில் தான் என்ன செய்யப்போகிறேன் என்று தன் கையாலேயே எழுதிய இலக்குகள் அதில் இருக்கும். அதை அவன் பயிற்சியாளரிடம் கொடுப்பதில்லை. எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஒரு சக வீரனிடம் வாசித்துக் கொடுப்பான். சொன்னதை அவன் செய்தானா என்று பார்த்துச் சொல்வது அந்த நண்பனின் வேலை.

இந்த அமைப்பில் பயிற்சியாளரின் இடத்தைக் கவனிக்க வேண்டும். கணக்குக் கேட்பவர் அவர் அல்லர். பதினேழு வயதுப் பையன் பயிற்சியாளரின் கோபத்துக்குப் பயந்து ஓடுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். பயம் விலகிய அன்றே அந்த ஓட்டமும் நின்றுவிடும். தன் தோழனின் முகத்தைப் பார்த்து ‘நீ சொன்னதைச் செய்யவில்லை’ என்று சொல்வதும், அப்படிச் சொல்லக் கேட்டுக்கொண்டு மறுநாள் அவன் பக்கத்திலேயே நிற்பதும் கடினமான பயிற்சி. அதோடு, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆடாத மாணவனும் நட்சத்திர வீரனைப் போலவே அட்டை எழுத வேண்டும் என்பதால், நான் மேலே குறிப்பிட்ட தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கும் அதில் சமமான இடம் கிடைக்கிறது. லாடூசரோடு நெடுங்காலம் தடுப்பாட்டத்தைக் கவனித்த டெரி ஐட்சனும் சமயக் கல்வி ஆசிரியராக இருந்தவர்தான்; இந்தக் கூட்டங்கள் வகுப்பறையின் தொடர்ச்சியைப் போல அமைந்ததில் வியப்பில்லை.

இவரைப் பற்றி 2014-இல் ஹாலிவுட் படமே வந்துவிட்டதால், உடைமாற்றும் அறையில் உரையாற்றி எதிரணியைப் புரட்டிப்போடும் மனிதராகப் பலர் இவரைக் கற்பனை செய்கிறார்கள். ஒரு பேச்சின் சூடு முதல் கால்பகுதி முடிவதற்குள் ஆறிவிடும். ஆண்டு முழுவதும் நடக்கும் எடைப் பயிற்சியும், ஒவ்வொரு வாரமும் எழுதப்படும் அட்டையும் திரையில் எடுபடாதவை. இந்த அணியை உருவாக்கியவை அவைதான்.

2004: சாதனை முடிந்த ஆண்டு

2004 ஆகஸ்ட் 12 அன்று, அணியின் முன்னாள் வீரரும் 18 வயதே ஆனவருமான டெரன்ஸ் கெல்லி ரிச்மண்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கால்பந்து உதவித்தொகையோடு சேரப் புறப்படவிருந்த சமயம் அது. அவரோடு முந்தைய பருவம் வரை ஆடிய மாணவர்கள்தான் அந்த ஆண்டின் அணி.

மூன்றே வாரத்தில், செப்டம்பர் 4 அன்று, சியாட்டிலின் குவெஸ்ட் ஃபீல்டு அரங்கில் ஏறக்குறைய 25,000 பேர் பார்க்க, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ பள்ளியிடம் டி லா சால் 39–20 என்று தோற்றது. வென்றவர்கள் அன்று பந்தை எறிந்து ஆடி வெல்லவில்லை. டி லா சாலைப் போலவே ஓட்டத்தை நம்பிய அணிதான் அது, அன்று அதை இன்னும் நன்றாகச் செய்தது. அந்தப் பருவத்தில் டி லா சால் மேலும் தோல்விகளைச் சந்தித்தது.

151 ஆட்டங்களில் ஒரு பயிற்சியாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியாதவற்றை இந்த ஒரு பருவம் காட்டியது என்பது என் கணிப்பு. தொடர்ந்து வெல்லும் அணியில் ஒழுக்கமும் ஒற்றுமையும் இருப்பதாகச் சொல்வது எளிது. அவை வெற்றியின் காரணமா, வெற்றியால் வந்த பூச்சா என்று பிரித்தறிய வழியில்லை. தோழனைப் புதைத்துவிட்டு வந்த, அண்ணன்மார் விட்டுச்சென்ற சாதனையைத் தங்கள் கையால் முடித்துவைத்த பையன்களின் அணி அடுத்த வாரமும் அட்டை எழுதியது, பருவம் முழுவதும் ஆடியது, சிதறிப்போகவில்லை. பயிற்சியாளரும் மாணவர்கள்மீதோ நடுவர்கள்மீதோ பழி போட்டுத் தப்பிக்கவில்லை. சாதனையை நாங்கள் ஒருபோதும் குறிவைக்கவில்லை என்று வெற்றிக் காலத்தில் எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கிறது.

தனியார் பள்ளியின் சலுகை பற்றிய வாதத்துக்கும் பெல்வியூ ஓர் எதிர்பாராத பின்குறிப்பைத் தருகிறது. அது பொதுப் பள்ளி. ஆனாலும் 2016-இல் ஒரு விசாரணைக்குப் பின், கால்பந்து விதிமீறல்களுக்காக அதன் மீது தடைகள் விதிக்கப்பட்டன. 2004 ஆட்டத்தின் முடிவை அது மாற்றிவிடாது. ஆனால் பொதுப் பள்ளி என்றாலே எல்லைக்குள் நின்று ஆடுவது என்ற எளிய சமன்பாடு அவ்வளவு எளிதல்ல என்பது தெரிகிறது.

இரண்டு ஒப்பீடுகள்

தென் கரோலினாவின் சம்மர்வில் பள்ளியில் ஜான் மெக்கிசிக் 1952-இல் தொடங்கி 2014 வரை ஒரே இடத்தில் பயிற்சியளித்தார். 621 வெற்றிகள், 10 மாநிலப் பட்டங்கள். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் லாடூசர் அவருக்கு வெகு தூரம் பின்னால் நிற்கிறார். விகிதம்தான் அளவுகோல் என்றால் மெக்கிசிக் பின்னால் போகிறார். இந்த இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, ஆட வந்த எந்த மாணவனையும் அவர் அணியிலிருந்து கழித்துவிடவில்லை என்பது. எண்ணிக்கையில் சிறந்த பொதுப் பள்ளிப் பயிற்சியாளரும், விகிதத்தில் சிறந்த தனியார் பள்ளிப் பயிற்சியாளரும் ஆடாத மாணவனுக்கு இடம் ஒதுக்கிய விஷயத்தில் சந்திக்கிறார்கள்.

அடுத்த ஒப்பீடு கசப்பானது. 2008 ஆகஸ்டில் கென்டக்கியின் லூயிவில் நகரில், கடும் வெப்பத்தில் மீண்டும் மீண்டும் ஓடவைக்கப்பட்ட 15 வயது மாணவர் ஒருவர் பயிற்சியின்போது சுருண்டு விழுந்து, மூன்று நாள் கழித்து இறந்தார். பயிற்சியாளர் மீது குற்றவழக்குத் தொடரப்பட்டது; 2009-இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அந்தத் தீர்ப்பை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் குற்றம் இல்லை என்பதற்கும் நல்ல பயிற்சி என்பதற்கும் இடையே நிறைய இடைவெளி இருக்கிறது. அதே ஆண்டில் கென்டக்கி சட்டமன்றம் பயிற்சியாளர்கள் பாதுகாப்புப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது, அதுவரை அது கட்டாயமாக இல்லை என்பதற்கே சாட்சி. தண்ணீர், நிழல், ஓய்வு, தலையில் அடிபட்டவனை வெளியே உட்காரவைக்கும் துணிவு: இவற்றில் தவறுகிற பயிற்சியாளரின் வெற்றிப் பட்டியலை எடுத்துப் பார்க்கவே தேவையில்லை.

அவர் விலகிய பின்

2013 ஜனவரியில் லாடூசர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். இன்னும் ஒரு வெற்றி கிடைத்திருந்தால் கணக்கு 400 ஆகியிருக்கும். அதற்காக அவர் இன்னொரு பருவம் காத்திருக்கவில்லை. பொறுப்பை ஏற்றவர் அவரிடமே ஆடிய முன்னாள் மாணவர் ஜஸ்டின் ஆலம்பா. லாடூசர் அவருக்குக் கீழே உதவிப் பயிற்சியாளராகத் தொடர்ந்தார். அதே வியர், அதே வியாழக்கிழமை. 2014-லும் 2015-லும் மாநிலத்தின் மிக உயர்ந்த பிரிவில் டி லா சால் பட்டம் வென்றது. வடக்கு கலிஃபோர்னிய அணிகளிடம் தோற்காத அவர்களுடைய வரிசை 1991 இறுதி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் பள்ளியிடம் கண்ட தோல்விக்குப் பின் தொடங்கி 318 ஆட்டங்கள் நீண்டது. 2021 செப்டம்பரில் மவுண்டன் வியூவின் செயின்ட் பிரான்சிஸ் பள்ளிதான் 31–28 என்று அதை முடித்தது. தொடங்கியவர் தலைமையில் இல்லாமலே எட்டு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த வரிசை அது. தன் தலையில் மட்டும் இருந்த வித்தையை அவர் பள்ளிக்குச் சொந்தமாக்கிவிட்டார் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது, அதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். 2016 முதல் 2019 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் டி லா சால் மாநில இறுதி ஆட்டத்தை எட்டி, நான்கிலும் தெற்கு கலிஃபோர்னியாவின் மேட்டர் டெய், செயின்ட் ஜான் பாஸ்கோ பள்ளிகளிடம் தோற்றது. அவையும் கத்தோலிக்கப் பள்ளிகள்தான். பெருநகர மக்கள்தொகைக்கு நடுவே இருப்பதால், தொலைவிலிருந்தும் இடம் மாறியும் வரும் திறமைசாலிகள் அங்கே குவிகிறார்கள். முதல் அடியை மில்லிமீட்டர் பிசகாமல் எடுத்து வைக்கும் முன்வரிசையும், தன்னைவிட இருபது கிலோ கூடுதலாகவும் அதே அளவு வேகமாகவும் உள்ள வரிசையைச் சந்திக்கும்போது ஓர் எல்லைக்கு மேல் போக முடிவதில்லை. அப்படியென்றால் 1990-களின் வெற்றிகளிலும் திறமையின் பங்கு கணிசமானது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது; சாதனையில் எவ்வளவு லாடூசருடையது, எவ்வளவு வாய்த்த பையன்களுடையது என்று பிரிக்க எந்தக் கணக்காலும் இயலாது. அவரை மதிப்பிடும்போது 151-ஐ நான் கடைசி வரிசையில் வைப்பதற்கு இதுவே காரணம். 1979-ஐ முதலிலும், அட்டையை அடுத்தும், 2004-ஐயும் 2013-ஐயும் அதன்பின்னும் வைக்கிறேன். இந்த நான்கில் எதற்கும் திறமைசாலிகளின் வருகையைக் காரணமாகக் காட்ட முடியாது.